நாய்க்கும் நமக்கும் உண்ணி: வாசகர் கேள்விகள்

போன இதழில் நாய்களைக் குளிப்பாட்டுவது பற்றி எழுதினேன், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உண்ணியைப் பற்றித்தான் கேட்கின்றன. நான் மிருக வைத்தியர், மனிதருக்கு மருந்து அளவு சொல்லமாட்டேன். எங்கே தேடிப் பார்ப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதைச் சொல்கிறேன்.

கேள்வி (உவர்மலை வாசகி): ஒவ்வொரு நாளும் எங்கள் நாயிலிருந்து உண்ணி பிடுங்குகிறேன், மருந்துச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டுகிறேன். மறுநாள் திரும்பவும் நிற்கிறது. இப்போது விறாந்தைச் சுவரிலும் ஊர்கிறது. எங்கிருந்துதான் வருகிறது?

உங்கள் சுவரிலிருந்துதான் தங்கச்சி. நாயின் மேல் நீங்கள் காண்பது கொஞ்சம், மிச்சமெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது. நாயில் நிற்கும் இந்தப் பழுப்பு உண்ணி வாழ்நாளில் மூன்று தரம் இரத்தம் குடிக்கும். ஆறு காலோடு பொரித்த குஞ்சாக ஒரு தரம், எட்டுக் கால் முளைத்த இளசாக ஒரு தரம், வளர்ந்த பிறகு ஒரு தரம். ஒவ்வொரு தரமும் வயிறு நிறைந்ததும் நாயை விட்டு விழுந்து, சுவர் வெடிப்பு, கதவு நிலை, சுவாமிப் படத்தின் பின்பக்கம் என்று ஒளியும். சாம்பல் நிறத்தில் உப்பிப்போய் மெதுவாகச் சுவரேறுகிறதே, அதுதான் பெண் உண்ணி, அது அந்த வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். நம்முடைய வெக்கைக்கு இரண்டு மூன்று மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். நாய் கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதற்குத் தெரியும்.

அதனால் நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். நாய் படுக்கும் சாக்கைச் சுடுநீரில் போட்டு அலசி வெயிலில் காயவிடுங்கள், இல்லாவிட்டால் எரித்துவிடுங்கள். வெடிப்புகளைச் சீமெந்து பூசி அடையுங்கள். வீட்டில் எத்தனை நாய் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்கவேண்டும், ஒன்றை விட்டால் செய்ததெல்லாம் வீண். கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் இருக்கிறது, சாப்பிடக் கொடுக்கும் குளிசையும் இருக்கிறது, குளிசைகளில் சில ஒரு மாதம் தாங்கும், சில மூன்று மாதம். நாயை நிறுத்துத்தான் அளவு சொல்லமுடியும். முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் தெளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அது நக்கித்தான் உடம்பைத் துப்புரவாக்கும், நக்கினால் நஞ்சு வயிற்றுக்குள் போகும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். நாய்க்கு விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையைக் கொன்றுவிடும்.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): அப்பாவுக்கு ஆறு நாள் காய்ச்சல், தாங்கமுடியாத தலையிடி. டெங்கு இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு டொக்டர் தொடை இடுக்கில் கறுப்பாக ஒரு பொருக்கைக் கண்டு, உண்ணிக் காய்ச்சல் என்று குளிசை கொடுத்தார், இரண்டு நாளில் எழும்பிவிட்டார். எங்கள் நாயிலிருந்து வந்ததா? மற்றவர்களுக்குத் தொற்றுமா?

அந்த டொக்டர் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்திருக்கிறார், அதுதான் உங்கள் அப்பாவைக் காப்பாற்றியது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். பரப்புவது நாய் உண்ணி இல்லை, பற்றையிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. ஆகவே நாயைத் துரத்தவேண்டாம். மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றாது.

கடிக்கும்போது வலிக்காது. ஒரு கிழமை, பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும், அதற்குள் கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோல நடுவில் கறுத்து, ஓரம் சிவந்து நிற்கும். நோவும் இல்லை, அரிப்பும் இல்லை என்பதால் ஆளுக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, சாரம் கட்டும் இடுப்பு, மார்பின் கீழ், காதின் பின்புறம் என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். வயதானவர்கள் வெட்கத்தில் காட்டமாட்டார்கள், வீட்டுக்காரர்தான் பார்க்கவேண்டும். எல்லோருக்கும் இந்தப் பொருக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையான உண்ணி கடித்தும் இதே குடும்பத்துக் காய்ச்சல் ஒன்று வரும். அதில் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் போடும், உள்ளங்கை உள்ளங்காலிலும் போடும். இரண்டுக்கும் டொக்சிசைக்கிளின் நன்றாகக் கேட்கும், பிந்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும்.

2017 இல் கிண்ணியாவில் டெங்கு அடித்த அடியை நாம் யாரும் மறக்கவில்லை, காய்ச்சல் என்றால் இரத்தம் சோதிக்க ஓடுவதும் சரிதான். ஆனால் இந்தக் காய்ச்சல்களிலும் பிளேட்லெட் குறையலாம். முதல் கிழமையில் இதற்கான இரத்தப் பரிசோதனை பிடிக்காமலும் போகலாம். அதனால் டொக்டர்கள் பலமுறை சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குவார்கள். அவருக்குச் சந்தேகம் வரவேண்டும் என்றால் நீங்கள் வாய் திறக்கவேண்டும்: வயலுக்குப் போனேன், பற்றை வெட்டினேன், மாட்டுப்பட்டியில் நின்றேன், உண்ணி பிடுங்கினேன். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை நோவுக்கு பனடோல் தவிர வேறு எதையும் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம்.

வயலால் வந்ததும் உடுப்பை மாற்றி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள். துவைத்த துணியைப் புல்லில் விரிக்காமல் கொடியில் போடுங்கள்.

கேள்வி (நிலாவெளி): ஒட்டிய உண்ணிக்கு மண்ணெண்ணெய் விடலாமா, நெருப்புக்குச்சியால் சுடலாமா?

இரண்டும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். மெல்லிய முனையுள்ள சாமணத்தால் தோலை ஒட்டித் தலைப்பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். பிறகு சவர்க்காரத்தால் கழுவுங்கள். விரலால் நசுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதன் சாறு கண்ணிலோ காயத்திலோ பட்டாலும் கிருமி போகும். ஸ்பிரிட் உள்ள போத்தலில் போட்டால் செத்துவிடும். கடித்த திகதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள், இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அது உதவும்.

கேள்வி (திருகோணமலை நகரம்): மகளின் காதுக்குள் உண்ணி போயிருக்கிறது போல. இழுக்கலாமா?

இழுக்காதீர்கள் அக்கா. செவிப்பறைக்குப் பக்கத்தில் கடித்து நிற்கும், வீட்டில் இழுத்தால் பறை கிழியலாம். நம் நாட்டில் பிள்ளைகளின் காதில் உண்ணி ஏறுவது அடிக்கடி நடப்பதுதான், காது மூக்குத் தொண்டை டொக்டர் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். முகம் ஒரு பக்கம் கோணினால் அந்த நிமிடமே போங்கள்.

கேள்வி (மட்டிக்களி): கோட்டையிலும் கோணேசர் கோயில் பக்கமும் திரியும் மான்களால் உண்ணி வருமா?

மானில் உண்ணி இருக்கும். பக்கத்தால் நடந்துபோனால் ஒன்றும் ஆகாது, அவை படுத்த புல்லில் பிள்ளைகளை உருளவிடாதீர்கள். தொட்டுத் தடவி, பொலித்தீன் பையோடு சாப்பாடு நீட்டுவதை நிறுத்தினால் அந்த மான்களுக்கும் நல்லது.

கேள்வி (பாலையூற்று): ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கு உண்ணி கடித்து லைம் நோயாம். இங்கேயும் வருமா?

அதைப் பரப்பும் கருங்கால் உண்ணி நம் நாட்டில் இல்லை. அங்கே பெரும்பாலும் ஒரு நாளாவது ஒட்டி நின்றால்தான் கிருமி ஏறும், அதனால் பூங்காவுக்குப் போய் வந்த அன்றே உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கை மருந்தை முழுதாகக் குடித்து முடிக்கட்டும்.

கேள்வி (சாம்பல்தீவு): எங்கள் நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று. ஆனாலும் சாப்பிடாமல் கிடக்கிறது, மூக்கால் இரத்தம் வருகிறது. உண்ணியாக இருக்குமா?

இருக்கலாம். அந்த ஊசி விசருக்கு மட்டும்தான், உண்ணி நோய்க்கு அது தடை இல்லை. மூக்கால் இரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி என்றால் எர்லிக்கியா என்ற கிருமியை நினைப்போம், கடித்து மாதக்கணக்கில் ஒளிந்திருந்தும் வெளிப்படும். பல்முரசு வெளிறி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனால் பபேசியா, அது சிவப்பணுவை உடைக்கும். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால் சில வேளை தெரிந்துவிடும். எர்லிக்கியாவுக்கு நாலு கிழமை குளிசை, நாய் மூன்றாம் நாளே துள்ளி விளையாடினாலும் நிறுத்தக்கூடாது. நக்கினால் உங்களுக்கு வராது, பயப்படாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். முரசை விரலால் அமத்தி விட்டுப் பாருங்கள், வெள்ளையாகவே நின்றால் ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள் வரை வைத்திருக்கவேண்டாம்.