மாந்தளைப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி

அன்புள்ள ஐயா,

பர்மாவைக் களமாகக் கொண்ட தமிழ்க் கதைகளில் வரும் இடப்பெயர்களைத் திரட்டி, கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்குகிறேன். முனைவர் பட்ட ஆய்வு. படத்தை இணைத்துள்ளேன். ரங்கூன் மொகல் தெரு மட்டும் கூகுளில் அகப்படவில்லை. எங்கே இருக்கிறது?

ஆய்வு மாணவர், மதுரை

அன்புள்ள தம்பி,

படம் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. நிறம், எழுத்துரு எல்லாம் உங்கள் நெறியாளர் பாடு. ஆனால் பர்மாவின் நடுவே, மாந்தளைப் பக்கம் அவ்வளவு பெரிய சிவப்புப் புள்ளி எதற்கு? "மகன் பர்மாவில் இருக்கிறான்" என்று ஏதோ ஒரு கதையில் காரைக்குடித் திண்ணையில் ஒரு கிழவி சொல்லியிருப்பாள். நாட்டுப் பெயரை மட்டும் கொடுத்தால் மென்பொருள் நாட்டின் நடுவில் புள்ளி குத்திவிடும். மகன் எந்த ஊரில் இருந்தான் என்று கிழவிக்கே தெரியாது, உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கக் கூடாதா?

கோபம் எதனால் என்றால், எனக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. மறு வருஷம் அப்பத்தா பிள்ளைகளோடு புரோம் நகர் வழியாக, இந்தியாவை நோக்கி அரக்கான் மலைப் பாதையில் நடந்தார். வழியில் பெரியப்பாவுக்குக் காலரா. ஐந்து வயது. அங்கேயே குழி தோண்டி வைத்துவிட்டு, மேலே போகாமல் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். அதனால்தான் நாங்கள் இன்னும் பர்மாவில், இந்த ஊரில் இருக்கிறோம். "புரோம் தாண்டி மூணாம் நாள், மூங்கில் பாலத்துக்கு இந்தப் பக்கம்" என்பார் அப்பத்தா. அதற்கு மேல் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் பழைய நிலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தித் தேடியிருக்கிறேன். ஓடைகள் நிறைய இருக்கின்றன. மூங்கில் பாலத்தை எந்த சர்வேயர் குறிப்பான்? கைப்பிள்ளையோடு ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்திருப்பார்? கடைசியில் புள்ளி வைக்கவில்லை. நடந்திருக்கக்கூடிய தூரம் முழுக்க வெளிறிய மஞ்சளில் ஒரு பட்டை தீட்டி வைத்திருக்கிறேன்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். சூரிச்சில் ஐரோப்பிய இலக்கிய நிலப்படம் செய்தவர்கள் தெளிவில்லாத இடங்களைத் தெளிவில்லாமலேயே காட்ட வழி தேடினார்கள். திண்ணைக் கிழவியின் பர்மாவை வரைபடத்துக்கு வெளியே, ஓரத்தில் எழுதிவையுங்கள். போதும்.

அப்புறம், மொகல் தெருவைக் கேட்டிருந்தீர்கள். இப்போது அதன் பெயர் ஷ்வே பொந்தா தெரு. செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், இருந்த இடம். பழைய பெயரையும் அட்டவணையில் ஒரு கட்டத்தில் போட்டுவையுங்கள்.