பழைய சீலைத்துண்டும் பொறுக்கின சாமானும் வச்சுக் காட்டுறதெல்லாம் கலையா?

நீங்கள் எங்கையோ கண்காட்சிக்குப் போய் கிழிஞ்ச துணியும் கறள் பிடிச்ச சட்டியும் பாத்திட்டு வந்த கடுப்பில கேக்கிறியள் எண்டு விளங்குது. நான் கலை படிச்ச ஆள் இல்லை, புதுக்குடியிருப்பில தையல் கடை வச்சிருக்கிறன், உனக்கென்ன தெரியும் எண்டு வாறவை வரட்டும், சீலையும் ஊசியும் எனக்குத் தெரியும்.

2009 பங்குனி, கடைசிச் சண்டை நேரம், நாங்கள் முல்லைத்தீவுக் கரையில வலைஞர்மடத்தில. கடற்கரை மண், வெட்ட வெட்டச் சரியும், மண்மூட்டை அடுக்காட்டி பதுங்கிற பங்கர் நிக்காது, உரப்பை ஒண்டும் கிடைக்கேல்லை. சனம் முழுக்கச் சீலையைத்தான் வெட்டித் தைச்சது. ஒரு சீலையில ஆறு பை வரும். நூல்சீலை எண்டா குருமணல் ஒழுகும், பட்டு தாங்கும், அப்பிடித்தான் அம்மான்ர கூறைச்சீலையும் போச்சு. தையல்நூல் முடிய, சீலையில இருந்தே இழை உருவித் தைச்சனாங்கள். அம்மா சரிகைக் கரையை மட்டும் உள்ளுக்கு மடிச்சுத் தைச்சவ, பிறகு பிரிச்செடுக்கலாமாம்.

போன வருசம் யாழ்ப்பாணத்தில ஒரு சின்னக் கண்காட்சிக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போனன். சுவர் நீளத்துக்குப் பழைய சீலைகள் ஒண்டோட ஒண்டு தைச்சுத் தொங்குது, கீழ சைக்கிள் றிம், திறப்புக்கோர்வை, ஒத்தைச் செருப்பு. அம்மா கிட்டப்போய்த் தடவி "இது மெசின் தையல்" எண்டா. தொடக்கூடாது எண்டு ஒரு பொடியன் ஓடி வந்தான். அரை மணித்தியாலம் அதிலயே நிண்டவ. கூறைச்சீலையைப் பற்றி இத்தனை வருசமா வாய் திறக்காத மனிசி, பஸ்ஸில பரந்தன் தாண்டியும் அதையேதான் கதைச்சுக்கொண்டு வந்தவ. எனக்கு இதுக்கு மேல ஒரு விளக்கம் தேவையில்லை.

இது இஞ்ச மட்டும் நடக்கிற விசயமும் இல்லை. கானாவில இப்ராகிம் மகாமா எண்டவர் கொக்கோ ஏத்தின பழைய சணல் சாக்குகளை ஆக்களை வச்சுத் தைச்சு கட்டடங்களையே மூடுறார், 2015ல இத்தாலியில நடக்கிற பெரிய கலைக் கண்காட்சி வெனிஸ் பியனாலேயிலயும் வச்சவர்.

இன்னொண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனா சொல்லாமல் விடேலாது. மீள்குடியேறின பிறகு ஒரு நிறுவனம் வந்து துண்டுத்துணியில பை தைக்கப் பழக்கினது. நல்ல விசயம்தான். ஆனா கேக்காமல் எங்கட படத்தை எடுத்து அந்தப் பை லேபிளில ஒட்டி, போரில பாதிச்ச பெண்கள் எண்டு போட்டு வித்தவை. என்ர தையலைப் பாத்து வாங்கியிருந்தா சந்தோசப்பட்டிருப்பன்.

கூறைச்சீலையில மிஞ்சின முந்தானைத் துண்டு அம்மான்ர அலுமாரியில கிடக்கு. அதைக் கண்காட்சிக்குக் குடுப்பியளோ எண்டு கேட்டனான். தைக்கிற ஆளை முதல்ல கூட்டிக்கொண்டு வா எண்டா.