ஒசாகா ஆரஞ்சு ரயில்: 103ஆ, 201ஆ?

உங்கள் மாமா 1998இல் ஜப்பானின் ஒசாகா லூப் பாதையில் (நகரைச் சுற்றி ஓடும் ரயில் பாதை) எடுத்த படத்தில் இருக்கும் ஆரஞ்சு மின்ரயில் 103 வரிசையா, 201 வரிசையா, எந்த பொம்மை ரயில் மாடலை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அது 103தாங்க, மாடலை 201 என்று வாங்கிவிடாதீர்கள். 201 வரிசைக்கும் அதே ஆரஞ்சு உண்டு, ஆனால் அந்த நிறத்தில் அது ஓடியது டோக்கியோவின் சூவோ விரைவுப் பாதையில். ஒசாகா லூப்புக்கு 2000க்குப் பிறகுதான் வந்தது, 98இல் அந்தப் பக்கம் ஓடிய 201கள் எல்லாம் வான நீலம்.

ஆண்டு தவறாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முகத்தைப் பாருங்கள். 201க்கு முன் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருக்கும். 103க்கு அது கிடையாது, வெறும் பெயின்ட் அடித்த சப்பை முகம். அதிலும் 1974க்குப் பிறகு வந்த பலவற்றில் ஏடிசி (ரயிலின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும்) கருவிக்காக ஓட்டுநர் அறையை உயர்த்தி, ஜன்னலுக்குக் கீழே ஒரு துருப்பிடிக்காத எஃகுப் பட்டை வைத்தார்கள். மாடல் வாங்கும்போது உயரமா தாழ்வா என்று பார்த்து வாங்குங்கள், கடைக்காரர்கள் இரண்டையும் கலந்து விற்பார்கள்.

வீடியோ இருந்தால் வேலை இன்னும் சுலபம், 103இன் மோட்டார் வேகம் கூடக் கூட ஊளையிடும், எனக்கு அது பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. 1963இல் தொடங்கி 84 வரை 3,400க்கும் மேற்பட்ட பெட்டிகள் கட்டினார்கள், அதில் பதினாறு 2004இல் ஜகார்த்தாவுக்கும் போயின. ஒசாகா லூப்பில் 2017 அக்டோபரில் விடைபெற்றது. நிறத்தை நேரில் ஒப்பிட வேண்டுமானால் கியோட்டோ ரயில்வே அருங்காட்சியகத்தில் ஆரஞ்சு நிறத்திலேயே ஒரு 103 நிற்கிறது.