மூக்கில் ஈயமா, பேட்டரியா?

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த மகனுக்காக, ரேடியோ மூலம் இயக்கும் பால்சா மர விமானம் ஒன்றை இணையக் கடையில் ‘முழு செட்’டாக வாங்கினேன். பறக்கப் பழகுபவர்களுக்கானது, இறக்கை மேலே அமைந்த வகை. பேட்டரியோடு 1,500 கிராம் இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 70 மில்லிமீட்டரில் தாங்கினால் சமமாக நிற்க வேண்டும் என்கிறது கையேடு. எங்களுக்கு 90-ல்தான் நிற்கிறது. “மூக்கில் ஈயம் வையுங்கள், சரியாகிவிடும்” என்கிறார் கடைக்காரர். குறை விமானத்திலா? (வாசகர், கோவை)

பதில்: குறை விமானத்தில் இல்லை, பில்லில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கையேட்டின் படத்தில் 3 செல், 3,300 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு, சுமார் 300 கிராம் எடையுள்ள லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி கேட்டிருக்கிறார்கள். செட்டில் உங்களுக்கு வந்ததோ 2,200. எடை 180 கிராம். முன்பக்கம் இருக்க வேண்டிய 120 கிராம் வரவே இல்லை. அப்புறம் வால் கனக்காமல் என்ன செய்யும்?

இதை அலட்சியப்படுத்திப் பறக்கவிட்டுவிடாதீர்கள். உங்கள் இறக்கையின் முன்பின் அகலம் 260 மில்லிமீட்டர். இதுபோன்ற விமானங்களுக்கு அதில் 25 முதல் 30 சதவீதத்துக்குள், அதாவது 65 முதல் 78 மில்லிமீட்டருக்குள் எடை மையம் (விமானம் சமமாக நிற்கும் புள்ளி) விழுவது நல்லது. நீங்கள் இருப்பது 35 சதவீதத்துக்கு அருகில். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், வேகமாகத் தரையிறங்கும். ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். வால் கனத்தது அப்படியல்ல. எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பை) இம்மியளவு இழுத்தாலே மூக்கைத் தூக்கும், வேகத்தை இழந்து விழும். என் முதல் விமானத்தின் ஆயுள் சுமார் பதினைந்து விநாடி. அதில் பாதி நேரம் நான் அலறிக்கொண்டிருந்தேன்.

ஈயம் வைத்தால் சரியாகுமா என்றால், ஆகும். எவ்வளவு ஈயம் என்பதுதான் கேள்வி. 1,500 கிராம் 20 மில்லிமீட்டர் பின்னால் நிற்கிறது, பெருக்கினால் 30,000. மோட்டாருக்குப் பின்னால் ஈயம் ஒட்டக்கூடிய இடம், கையேடு சொன்ன புள்ளியிலிருந்து 250 மில்லிமீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30,000-ஐ 250-ஆல் வகுத்தால் 120 கிராம். அத்தனையும் வேலை செய்யாத சுமை. அதைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டியது அந்தச் சிறிய பேட்டரிதான்.

இப்போது பேட்டரியை மாற்றிப் பாருங்கள். 180 கிராம் பேட்டரி அந்தப் புள்ளிக்கு 100 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால் அதன் பங்கு 18,000. 300 கிராம் பேட்டரியை இன்னும் 60 மில்லிமீட்டர் தள்ளி, 160-ல் வைத்தால் 48,000. வித்தியாசம் அதே 30,000. ஈயம் வைத்தாலும் பேட்டரி மாற்றினாலும் கூடுவது 120 கிராம்தான். ஆனால் ஈயத்துக்குக் கிடைப்பது வெறும் கனம், பேட்டரிக்குக் கிடைப்பது கூடுதல் பறக்கும் நேரம். உங்கள் விமானத்தில் அளவுகள் சற்று மாறலாம், கணக்கு மாறாது. வாங்கும் முன் பேட்டரி அறையின் நீளம், அகலம், உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிளக்கும் பொருந்த வேண்டும்.

இதற்குப் பிறகும் ஐந்து, பத்து கிராம் குறைந்தால் தாராளமாக ஈயம் ஒட்டுங்கள். வாலில் தேவையில்லாத எடை இருக்கிறதா என்றும் பாருங்கள். வால் நீளமாக இருப்பதால், அங்கே வழிந்து காய்ந்த ஒரு கிராம் பசையை ஈடுகட்ட மூக்கில் மூன்று கிராம் வரை வைக்க நேரிடும்.

கேள்வி: சமநிலை பார்க்க ஒரு ஸ்டாண்ட் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஒரே விமானம் வைத்திருப்பவருக்கு வேண்டாம். ரப்பர் வைத்த இரண்டு பென்சில்களை மரக்கட்டையில் நட்டால் போதும். இறக்கை மேலே உள்ள விமானத்தை நிமிர்ந்த நிலையிலும், கீழே உள்ளதைக் கவிழ்த்தும் தாங்க வேண்டும். பேட்டரி உட்படப் பறக்கும்போது இருப்பவை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். எரிபொருள் இன்ஜின் என்றால் டேங்க் காலியாக இருக்க வேண்டும். மூக்கு ஒரு நூல் தாழ்ந்து நின்றால் நிம்மதி. பக்கவாட்டுச் சமநிலையையும் மறக்காதீர்கள்: மோட்டார் அச்சையும் வாலின் நுனியையும் பிடித்துத் தூக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இறக்கை சாய்ந்தால் எதிர் இறக்கையின் நுனியில் சிறிது எடை ஒட்டுங்கள்.

ஸ்டாண்டுக்கு வைத்திருந்த பணத்தில் சமையலறைத் தராசு வாங்குங்கள். அது வீட்டுக்கும் ஆகும்.

கேள்வி: செட்டில் தவறான பேட்டரி வந்திருப்பதாகச் சொன்னால், “பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். அவ்வளவுதானா? (முதல் கேள்வி கேட்ட அதே வாசகர்)

பதில்: பிரிக்காமல் பேட்டரியின் எடையை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மைகளோடு ஒத்துப்போகாவிட்டாலோ விற்பனையாளர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. ‘இந்த விமானத்துக்கான முழு செட்’ என்று விற்றுவிட்டு, கையேடு கேட்காத பேட்டரியைக் கொடுத்தால் அது ஒத்துப்போகவில்லை என்றுதான் நான் வாதிடுவேன். விற்பனைப் பக்கத்தின் படம், பில், கையேட்டின் அந்தப் பக்கம், தராசில் பேட்டரி இருக்கும் படம் ஆகியவற்றோடு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சைப் பிறகு நிரூபிப்பது கடினம். பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஒரு பேட்டரிக்காக அதுவரை போவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். வால் பகுதியை ஒட்டிவிட்டதாக நீங்கள் சொல்லவில்லை. இன்னும் ஒட்டாதிருந்தால் நல்லது. எபாக்சி பசை காய்ந்த பிறகு விமானத்தின் மேல் குறை சொல்லிப் பயனில்லை, உங்கள் கைவேலை என்று சொல்லிவிடுவார்கள். எனவே எல்லாவற்றையும் பசையில்லாமல் டேப்பில் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வோர் இறக்கை நுனியிலிருந்தும் அதே பக்கத்து வால் நுனிக்கு நூல் பிடியுங்கள், இரண்டு நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் வால், இறக்கைக்கு இணையாகத் தெரிய வேண்டும். சமநிலையையும் அப்போதே பார்த்துவிடலாம். ஒட்டும்போது ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், முப்பது நிமிடத்தது வாங்குங்கள். கோணலைத் திருத்த அவகாசம் கிடைக்கும்.

சர்வோவை (மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டாரை) சோதிக்கும் முன் ப்ரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள், விரல்கள் மிஞ்சும். விமானத்தின் பின்னால் நின்று ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலிரான் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்பு) மேலே எழ வேண்டும். எலிவேட்டர் குச்சியைத் தன்பக்கம் இழுத்தால் அதுவும் மேலே எழ வேண்டும்.

நீங்கள் கோவை என்பதால் இன்னொன்று: பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கின்றன. 2021-ன் ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு விமானங்களுக்கும் பொருந்தும். 2 கிலோவுக்கு உட்பட்டதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட விமானிச் சான்று தேவையில்லை. ஆனால் சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. மைதானத்தை முடிவு செய்யும் முன் வான்வெளி வரைபடத்தில் அது எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.