ஏர்பேக் இருக்கும்போது சீட் பெல்ட் எதற்கு?

"தினமும் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறேன். காரில் ஏர்பேக் இருக்கிறதே, பெல்ட் அவசியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக அவசியம். பெல்ட் போட்டவருக்குத் துணையாகத்தான் ஏர்பேக்.

80 கிலோமீட்டர் வேகம் என்றால் நீங்களும் நொடிக்கு 22 மீட்டர் பறக்கிறீர்கள். கார் மோதி நின்றாலும் உடம்பு நிற்காது. சென்சார் மோதலை உணர்ந்ததும் வாயு பாய்ந்து, கண் சிமிட்டும் நேரத்துக்குள் பை விரிந்துவிடும். உடனே பின்பக்கத் துளைகள் வழியே காற்றை விட்டு, தலையை மெத்தென்று ஏந்தும். பெல்ட் இல்லையென்றால், பை முழு வேகத்தில் விரியும்போதே அதன்மேல் போய் விழுவீர்கள். அந்த அடியே கழுத்தை முறித்துவிடலாம்.

இப்போதே பெல்ட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரும். வெடுக்கென்று இழுங்கள், பூட்டிக்கொள்ளும். பல கார்களில் மோதும் கணத்தில் ஒரு சிறு வெடிமருந்து வெடித்து, தளர்ந்த பெல்ட்டையும் இறுக்கிவிடும். அதனால் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிந்திருக்க வேண்டும்.

பெல்ட் போடாதபோது வரும் பீப் சத்தத்தை நிறுத்த விற்கிறார்களே ஒரு போலி கொக்கி, அதைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்புறம், மலேசியாவில் 2009 முதல் பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். பாட்டியாக இருந்தாலும் போட்டுவிடுங்கள். பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது.