மரக்கிளை மறைத்த பலகைக்கு 500 ரூபாய் அபராதம்: கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் தையற்கடை நடத்தி வருகிறேன். சென்ற மாதம் 9ஆம் தேதி காலை பதினொரு மணியளவில், நூல் வாங்குவதற்காக, அதுவரை போயிராத ஒரு கடைவீதிக்குள் ஸ்கூட்டரில் திரும்பினேன். பாதித் தெரு போனதும் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தி, இது ஒருவழிப் பாதை, நுழையக் கூடாத பக்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி, வண்டியைப் படம் எடுத்துக்கொண்டார். மாலையில் 500 ரூபாய்க்கான இ-சலான் குறுஞ்செய்தியாக வந்தது. நடந்து போய்ப் பார்த்தால், தெருமுனையில் நுழைவுத் தடைப் பலகை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் புங்க மரக்கிளை அதை முக்கால்வாசி மூடியிருக்கிறது, மிச்சத்தைக் காதணி விழா ஃபிளெக்ஸ் ஒன்று மறைத்திருக்கிறது. அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். "ஐந்நூறுதானே, கட்டித் தொலை" என்கிறார் கணவர். கட்டாமல் எதிர்க்க முடியுமா?

பதில்: எதிர்க்க முடியும். ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்க்கிறீர்கள் என்பதில்தான் வழக்கின் முடிவு இருக்கிறது. "பலகையை நான் பார்க்கவில்லை" என்று சொன்னால், கவனக்குறைவாக வண்டி ஓட்டினேன் என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்தது போலாகிவிடும். "அந்தத் திசையிலிருந்து வரும் எந்த ஓட்டுநராலும் பார்க்கக்கூடிய நிலையில் பலகை இல்லை" என்பதுதான் உங்கள் வாதமாக இருக்க வேண்டும். முதலாவது உங்களைப் பற்றிய பேச்சு. இரண்டாவது பலகையைப் பற்றியது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எதிர்த்தரப்பினர்.

இதற்கான அடிப்படை மோட்டார் வாகனச் சட்டம், 1988இலேயே இருக்கிறது. உங்கள் மீது சாட்டப்பட்டிருப்பது 119ஆம் பிரிவு: கட்டாயப் போக்குவரத்துக் குறியீடு தரும் அறிவுறுத்தலுக்கு இணங்க ஒவ்வொருவரும் வண்டி ஓட்ட வேண்டும் என்கிறது அது. மீறினால் 177ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 500 ரூபாய் வரையிலும், அதற்கடுத்த முறைகளுக்கு 1500 ரூபாய் வரையிலும் அபராதம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இவை 100, 300 என்றிருந்தன. பொதுவாக இத்தோடு நிறுத்திவிடுகிறோம். நான்கு பிரிவுகள் முன்னே போய் 115ஐப் படித்தால், ஒரு சாலையில் வாகனங்களைத் தடைசெய்யும் அதிகாரம் பெற்றவர்கள், அப்படித் தடை விதிக்கும்போது, 116ஆம் பிரிவின் கீழ் உரிய போக்குவரத்துக் குறியீடுகளைத் தகுந்த இடங்களில் வைக்கச் செய்யவும் வேண்டும் என்று கடமையாகவே விதித்திருப்பது தெரியும். அந்த 116ஆம் பிரிவும், தடையைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவருவதற்காகவே பலகை வைக்கப்படுகிறது என்று அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. கிளைக்குப் பின்னால் நிற்கும் பலகை எவருடைய கவனத்துக்கும் எதையும் கொண்டுவருவதில்லை. அறிவுறுத்தலே வந்து சேராதபோது அதற்கு இணங்கவில்லை என்ற குற்றம் எப்படி எழும் என்பதுதான் நீங்கள் நீதிமன்றத்தில் கேட்கப்போகும் கேள்வி.

சட்டம் தெரியாது என்பது தற்காப்பு ஆகாதே என்று யாரேனும் சொன்னால் குழம்ப வேண்டாம். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போகக் கூடாது என்பது சட்டம். அது உங்களுக்குத் தெரியும். இந்தத் தெரு ஒருவழிப் பாதை என்பது ஒரு செய்தி. அதைத் தெரியப்படுத்த வேண்டிய பொறுப்பு சாலையைப் பராமரிப்பவர்களுடையது.

முதல் வேலையாகச் சலானை முழுவதும் திறந்து, எந்தப் பிரிவு போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐந்நூறு ரூபாய் என்பதால் 119உடன் 177 என்றே இருக்கும் எனக் கொண்டு எழுதுகிறேன். ஒருவேளை 184 என்றிருந்தால் விஷயம் வேறு. அனுமதிக்கப்பட்ட போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவதும் 2019 முதல் அந்தப் பிரிவின் அபாயகரமான ஓட்டுதலுக்குள் சேர்க்கப்பட்டுள்ளது; அதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அத்தகைய வழக்கை வழக்கறிஞர் இல்லாமல் நடத்த வேண்டாம்.

அடுத்தது ஆதாரம். அன்றே எடுத்த படங்கள் உங்களிடம் இருப்பதுதான் இந்த வழக்கின் பலம். ஆனால் நம்மில் பலரும் செய்யும் தவறு, மறைந்திருக்கும் பலகைக்குக் கீழே போய் நின்று, கிளையை அண்ணாந்து படம் எடுப்பது. அந்தப் படத்தில் பலகை நன்றாகவே தெரியும், எதிர்த்தரப்புக்கே அது உதவும்! நீங்கள் வந்த திசையில், ஸ்கூட்டரில் உட்கார்ந்த கண் உயரத்தில், தெருமுனைக்கு ஏறத்தாழ 50 மீட்டர், 25 மீட்டர், 10 மீட்டர் முன்பிருந்து படங்கள் வேண்டும். பின்னால் ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் ஓட்ட, அவர் உங்கள் தோளுக்கு மேலாக நிறுத்தாமல் ஒரு காணொளி எடுத்தால் இன்னும் நல்லது. திரும்பும் இடத்தில் பலகை எத்தனை நொடி கண்ணில் படுகிறது, அல்லது படவே இல்லை என்பதை அது எந்த வாதத்தையும்விடத் தெளிவாகக் காட்டும். அதே காலை பதினொரு மணிக்கு எடுங்கள். நிழலும் வெயிலும்கூடக் கணக்கில் வரும். மூலக் கோப்புகளை அழிக்காமல் அதே கைப்பேசியில் வைத்திருங்கள், ஏனெனில் மின்னணுப் பதிவுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023இன் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்பப் பெற்ற பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சான்றிதழை எழுதுவது சிரமம். கோபத்தில் கிளையை நீங்களே ஒடித்துவிடாதீர்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அப்படிச் செய்துவிட்டு வந்த கட்சிக்காரர்கள் உண்டு.

படங்கள் கைக்கு வந்த பிறகு, வந்த பிறகுதான், கிளையை வெட்டி ஃபிளெக்ஸை அகற்றுமாறு மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ மனுக் கொடுங்கள். 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரி துறையிலும் பதியலாம். இது பொதுநலத்துக்கான மனு மட்டுமன்று. "மேற்படி இடத்தில் பலகையை மறைத்திருந்த மரக்கிளை அகற்றப்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வந்தால், பலகை மறைந்திருந்ததை அரசுத் தரப்பே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக அது உங்கள் கோப்பில் சேரும். பல வழக்குகளில் மிகவும் பயன்பட்ட தாள் இப்படி வந்த பதில்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் ஒரு மனுவையும் 10 ரூபாய் கட்டணத்துடன் மாநகரக் காவல் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். மாவட்டமாக இருந்தால் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு. ஏன், எதற்கு என்று விளக்கம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். அந்தத் தெருவை ஒருவழிப் பாதையாக்கிய உத்தரவின் நகல், அது அரசிதழில் வெளியானதற்கான நகல், பலகை நிறுவப்பட்ட தேதியைக் காட்டும் பதிவேட்டின் நகல், அந்த முனையில் கடந்த ஆறு மாதத்தில் இதே மீறலுக்குப் போடப்பட்ட சலான்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். இதில் முக்கியமானது அரசிதழ். 115ஆம் பிரிவின் கீழ் தடையை அரசிதழ் அறிவிக்கை மூலம்தான் விதிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகத் தடைக்கு மட்டுமே அறிவிக்கை தேவையில்லை; அதற்கும்கூட, சூழ்நிலை அனுமதிக்கும் அளவுக்கு உள்ளூரில் விளம்பரம் செய்திருக்க வேண்டும். உத்தரவே இல்லாமல் பலகை மட்டும் நிற்கும் தெருக்கள் நம் ஊர்களில் அபூர்வமல்ல.

இவற்றோடு, சலான் எண்ணைக் குறிப்பிட்டு, படங்களை இணைத்து, போக்குவரத்துக் காவல் உதவி ஆணையருக்கு ஒரு பக்கக் கடிதத்தை ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்புங்கள். இ-சலான் தளத்திலேயே புகார் பதியும் வசதியும் உண்டு. சில சமயம் இந்தக் கட்டத்திலேயே சலான் கைவிடப்படும். ஆனால் அதை நம்பி, நீதிமன்ற அழைப்பு வரும்போது சும்மா இருந்துவிடக் கூடாது. காத்திருக்கும் காலத்தில் தொகையைச் செலுத்திவிடவும் கூடாது. செலுத்தினால் 200ஆம் பிரிவின்படி குற்றம் இணக்கமாகத் தீர்க்கப்பட்டதாகி விஷயம் அத்தோடு முடிந்துவிடும், பிறகு எந்தப் படமும் பயன்படாது.

சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது இணையவழி நீதிமன்றத்துக்கு, அனுப்பப்பட்டிருந்தால், அந்தத் தளத்தில் இரண்டு தெரிவுகள் இருக்கும்: அபராதத்தைச் செலுத்துவது, வழக்கை எதிர்கொள்வது. இரண்டாவதைத் தெரிவுசெய்தால் கோப்பு உங்கள் பகுதி நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அங்கே சிறு வழக்குகள் வரிசையாக அழைக்கப்படும் காலை வேளையில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் "ஆமாங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே நகர்வார்கள். அந்த வேகத்தில் நீங்களும் சொல்லிவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். "மறுக்கிறேன், விசாரணை கோருகிறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். விசாரணை சுருக்கமுறையில்தான் நடக்கும். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை.

சலான் போட்ட காவலர் சாட்சியாக வந்தால் அவரிடம் அதிகம் கேட்க வேண்டியதில்லை. அவர் எங்கே நின்றிருந்தார்? அங்கிருந்து தெருமுனைப் பலகையின் முகப்பு அவருக்குத் தெரிந்ததா? அன்று பணி தொடங்கும் முன் அதைப் பார்த்தாரா? அவர் எடுத்த படத்தில் பலகை இருக்கிறதா? உங்கள் விவரத்தைப் பார்க்கும்போது அவர் தெருவின் நடுவில் நின்றிருக்கிறார், படத்தில் இருப்பது உங்கள் வண்டி எண் மட்டுமே. பலகை தெளிவாகத் தெரியும்படி இருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அதற்கு அவரிடம் இருப்பது வாய்ச்சொல், உங்களிடம் இருப்பது அன்றைய தேதியிட்ட படம். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் வந்து, கிளை மாதக்கணக்காக அப்படித்தான் இருக்கிறது என்று சொல்ல முன்வந்தால் நல்லது. வராவிட்டாலும் வழக்கு நிற்கும்.

உங்களிடமும் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். அந்தத் தெருவுக்கு முன்பு வந்ததே இல்லையா? எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஒரே திசையில் வருவதைக் கண்டும் ஏன் நிற்கவில்லை, தரையில் அம்புக்குறி இருந்ததே? முதல் கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு, தரையில் குறி இருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்பதை இப்போதே போய்ப் பார்த்துப் படம் எடுத்து வாருங்கள். புதிதாகப் பூசிய அம்புக்குறி பளிச்சென்று இருக்குமானால், வழக்கின் பலம் பாதியாகக் குறையும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு மூன்று வாய்தாவுக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போனால், ஐந்நூறுக்கு மேல் வருமானம் போய்விடும். தரையில் குறி தெளிவாக இருந்திருந்தால் கட்டிவிடுங்கள் என்றே நானும் சொல்லியிருப்பேன். குறி இல்லையென்றால் எதிர்க்கலாம் என்பது என் கருத்து. இ-சலான் பதிவில் இது முதல் மீறலாக நின்றுவிட்டால், அடுத்த முறை வரும் சலான் 1500 என்று வரக்கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கட்டவும் மாட்டேன், எதிர்க்கவும் மாட்டேன் என்று அப்படியே போட்டு வைப்பது மட்டும் வேண்டாம். வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ போகும் நாளில் நிலுவைச் சலான் குறுக்கே நிற்கும்.

காலவரம்பு பற்றி ஒன்று. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023இன் 514ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் கடந்த பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளத் தடை உண்டு. எனவே அழைப்பாணை தாமதமாக வந்தால், நீதிமன்றத்தில் எந்தத் தேதியில் புகார் தாக்கல் செய்யப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். சென்ற மாதம் 9ஆம் தேதியிலிருந்து ஆறு மாதம் தாண்டியிருந்தால், பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அந்த ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.