பென்சில்வேனியா கஞ்சா மசோதா: மாநிலம் சரி என்றால் நமக்கும் சரியா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கஞ்சா மசோதாவைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர், ஊர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: பென்சில்வேனியாவில் கஞ்சா சட்டபூர்வமாகிவிட்டது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர் அடித்துச் சொல்கிறார். எது உண்மை?

ஆகவில்லை. மருத்துவக் கஞ்சாவுக்கு மட்டும்தான் அனுமதி, அதற்கான சட்டம் 2016-இல் வந்தது, கடைகளில் விற்பனை 2018 பிப்ரவரியில் தொடங்கியது. 21 வயது நிரம்பிய யாரும் வாங்கலாம் என்கிற மசோதா 2025 மே 7 அன்று மாநிலப் பிரதிநிதிகள் அவையில் 102-க்கு 101 என்று ஒரே ஒரு வாக்கில் தேறியது. அடுத்த வாரமே மாநிலத்தின் மேலவையான செனட்டின் குழு அதை 7-க்கு 3 என்று தோற்கடித்துவிட்டது. ஆளுநர் ஜோஷ் ஷபிரோ பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இதை முன்வைத்துக்கொண்டேதான் இருக்கிறார், ஆனால் செனட் குடியரசுக் கட்சியின் கையில் இருக்கிறது, அங்கேதான் வண்டி நிற்கிறது.

குழப்பம் ஏன் வருகிறது என்றால் சுற்றியுள்ள மாநிலங்களைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரல் முதல் கடை திறந்திருக்கிறது, நியூயார்க்கில் 2022 டிசம்பர், மேரிலாண்டில் 2023 ஜூலை, ஒஹாயோவில் 2024 ஆகஸ்ட், டெலவேரில் 2025 ஆகஸ்ட். அண்டை மாநிலங்களில் மேற்கு வர்ஜீனியா மட்டும்தான் நம்மைப் போல மருத்துவத்தோடு நிற்கிறது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பென் ஃபிராங்க்ளின் பாலத்தைத் தாண்டினால் நியூ ஜெர்சியின் கேம்டன், அங்கே சட்டப்படி வாங்கலாம், வாங்கியதை அதே பாலத்தில் திருப்பிக் கொண்டு வந்தால் மாநில எல்லையைத் தாண்டி எடுத்துவந்த குற்றம், அது ஒன்றியச் சட்டத்தில் வரும். இந்தப் பக்கம் 30 கிராமுக்குள் வைத்திருந்தாலே 30 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம் என்பது மாநிலச் சட்டம். ஃபிலடெல்ஃபியா நகரம் 2014 முதல் 25 டாலர் அபராதத்தோடு விட்டுவிடுகிறது, ஆனால் அது நகர எல்லைக்குள் காட்டும் சலுகைதான், நகரத்தைத் தாண்டிப் புறநகரில் பிடிபட்டால் அந்தச் சலுகையைச் சொல்லிப் பயனில்லை.

கேள்வி: அரசே கடை வைத்து விற்கப்போகிறதாமே, டாஸ்மாக் மாதிரியா?

அந்த மசோதாவில் அப்படித்தான் இருந்தது. இங்கே பலசரக்குக் கடையில் விஸ்கி கிடைக்காது, அரசின் மதுபானக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கடைக்குத்தான் போகவேண்டும், மதுவிலக்கு முடிந்த 1933 முதல் அதே ஏற்பாடுதான். கஞ்சாவையும் அதே வாரியத்தின் கடைகள் வழியாக விற்கலாம் என்றது மசோதா. செனட்டில் அது விழுந்ததற்குப் பெரிய காரணமும் அதுவே. அந்தக் குழுவின் தலைவர் டான் லாஃப்லின் குடியரசுக் கட்சிக்காரர், ஆனால் கஞ்சா அனுமதிக்கு எதிரி அல்ல. தனியாருக்கு உரிமம் கொடுக்கும் வேறொரு மசோதாவை ஜனநாயகக் கட்சியின் ஷரீஃப் ஸ்ட்ரீட்டோடு சேர்ந்து அவரே கொண்டுவந்தார். அதாவது வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையோடு, கடை யார் கையில் என்ற சண்டையும் சேர்ந்து ஓடுகிறது.

கேள்வி: நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறேன். வார இறுதியில் நண்பர்கள் நியூ ஜெர்சி போய் கடையில் ரசீதோடு வாங்கி அங்கேயே பயன்படுத்துகிறார்கள். சட்டப்படிதானே, இதில் எனக்கு என்ன பிரச்சினை?

தம்பி, இந்த இதழில் வேறெதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பதிலை இரண்டு முறை படியுங்கள்.

மாநிலச் சட்டம் வேறு, ஒன்றிய அரசின் சட்டம் வேறு, குடியேற்றம் முழுக்க முழுக்க ஒன்றிய அரசின் கையில். 1970-இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தில் கஞ்சாவை ஹெராயினோடு, கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் பட்டியலில்தான் வைத்தார்கள். 24 மாநிலங்கள் அனுமதித்திருப்பதைக் குடியேற்ற அதிகாரி கணக்கில் எடுத்துக்கொள்ளவே மாட்டார். இதில் ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம், கைது ஆகவேண்டும், நீதிமன்றம் தண்டிக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை. விமான நிலையத்திலோ தூதரகத்திலோ ஒரு அதிகாரி கேட்டு, நீங்கள் "ஆமாம், நியூ ஜெர்சியில் வாங்கிப் பயன்படுத்தினேன்" என்று ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலை வைத்தே நாட்டுக்குள் நுழையத் தகுதி இல்லாதவர் என்று முடிவு செய்ய சட்டத்தில் இடம் இருக்கிறது. எல்லோருக்கும் இப்படி நடக்கிறது என்று பயமுறுத்தவில்லை, நடக்க வழி இருக்கிறது என்கிறேன், பத்துப் பதினைந்து வருடம் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர் அந்த வழியில் ஏன் போய் நிற்கவேண்டும்?

கிரீன் கார்டு வந்துவிட்டது, இனி கவலையில்லை என்றும் நினைக்கவேண்டாம். குடியுரிமைக்கு "நன்னடத்தை" காட்டவேண்டும். 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை தன் வழிகாட்டுதலில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது: மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கஞ்சா தொடர்பான ஒன்றியச் சட்ட மீறல் நன்னடத்தைக்குத் தடைதான், கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதும் இதில் வரலாம். கஞ்சா நிறுவனத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு வாசகர் தனியாகக் கேட்டிருந்தார், அவருக்கும் இதுதான் பதில், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

சிறிய அளவு, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கு 30 கிராமுக்குள் ஒரே ஒரு முறை தண்டனை பெற்றிருந்தால் நாடு கடத்தும் பிரிவிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு உள்ளே இருப்பவரை வெளியேற்றும் பிரிவுக்கு மட்டும்தான், வெளியே போய்த் திரும்பி வருபவரை அனுமதிக்கும் பிரிவு வேறு. கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பழைய சின்ன வழக்கு ஒன்று விமான நிலையத்தில் எழுந்து நிற்கும். இன்னொன்றும் உண்டு, பழைய கஞ்சா வழக்குகளைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது இந்த மாதிரி மசோதாக்களில் நல்ல அம்சம், பலருடைய வாழ்க்கையை அது திருப்பித் தரும், ஆனால் மாநிலம் நீக்கினாலும் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அந்தத் தண்டனை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

"மூன்றாம் பட்டியலுக்கு மாற்றப்போகிறார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். 2024 மே மாதம் நீதித்துறை அதை முறைப்படி முன்மொழிந்தது, 2025 டிசம்பரில் அதிபர் ட்ரம்ப் அதை விரைவுபடுத்தச் சொல்லி உத்தரவும் போட்டார். மூன்றாம் பட்டியலும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியல்தான். கம்பெனிகளுக்கு வரியில் லாபம், ஆராய்ச்சிக்கு வசதி, உங்கள் விசாவுக்கு அதனால் ஒன்றும் மாறாது.

அப்புறம், பொய் சொல்லவும் வேண்டாம். அதிகாரியிடம் பொய் சொல்வது தனிக் குற்றம், அது இன்னும் மோசமாகப் போய் முடியும். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால், எந்த விண்ணப்பத்துக்கும் பயணத்துக்கும் முன்னால் வழக்கறிஞரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். கைபேசியில் அந்தப் படங்கள் எதற்கு என்பதையும் யோசியுங்கள், எல்லையில் கைபேசியைப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

கேள்வி: அப்பா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார், மூட்டுவலி தாங்க முடியவில்லை. மருத்துவக் கஞ்சா கார்டு வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம்மா. அந்த அட்டை பென்சில்வேனியாவில் வசிப்பவர்களுக்குத்தான், வருகையாளருக்குக் கிடைக்காது. உங்கள் பெயரில் வாங்கி அப்பாவுக்குக் கொடுத்தால் அது சட்டவிரோதம். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தாலும் ஒன்றிய அரசு அதை மருத்துவம் என்று பார்க்காமல் போகலாம், அடுத்த விசா நேர்காணலில் அப்பா வெள்ளந்தியாக அதைச் சொல்லிவிட்டால் சிக்கல். அவர் ஏற்கெனவே இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுப்பவர் என்றால், கஞ்சாப் பொருள் அதோடு சேரும்போது மருந்தின் அளவே மாறிவிடக்கூடும் என்பதையும் சொல்லவேண்டும். எலும்பு மூட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்வி: எனக்கு நான்கு வயதில் ஒன்று, பதினேழு வயதில் ஒன்று. இந்தச் சட்டம் வந்தால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடாதா?

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் சட்டம் வராமலேயே அது வந்துவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். 2018-இல் ஹெம்ப் என்கிற, போதை குறைந்த கஞ்சா வகைப் பயிரை அனுமதித்த வேளாண் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது, அதைப் பயன்படுத்தி டெல்டா-8 என்ற பெயரில் போதை தரும் கம்மீஸ் மிட்டாயைப் பெட்ரோல் பங்கிலேயே வைத்து விற்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சோதிக்கவில்லை, வாங்குபவரின் வயதைக் கேட்கவேண்டும் என்ற கட்டாயமும் பல இடங்களில் இல்லை. 2025 நவம்பரில் காங்கிரஸ் அந்த ஓட்டையை அடைத்துச் சட்டம் போட்டது, அதற்கு ஓராண்டு அவகாசமும் கொடுத்தது.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் கஞ்சா கலந்த தின்பண்டத்தைத் தெரியாமல் சாப்பிட்டதாக அமெரிக்க நச்சு மையங்களுக்கு 2017-இல் வந்த தகவல்கள் 207. 2021-இல் அது 3,054. நான்கே வருடத்தில் பதினாலு மடங்குக்கு மேல். பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தவை, பெரியவர்கள் வாங்கி வைத்ததைப் பிள்ளை மிட்டாய் என்று நினைத்துப் பிரித்திருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட சட்டம் இங்கேதான் உதவும். கொலராடோவில் ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டுக்கு 100 மில்லிகிராம் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்), அதற்கு மேல் கூடாது, மிட்டாயின் மேலேயே எச்சரிக்கைக் குறி பதிந்திருக்கவேண்டும், பாக்கெட்டைக் குழந்தையால் பிரிக்க முடியக்கூடாது. பெட்ரோல் பங்க் மிட்டாய்க்கு இதில் எதுவும் கிடையாது.

நான்கு வயதுப் பிள்ளை தப்பித்தவறிச் சாப்பிட்டுவிட்டால் காத்திருக்காதீர்கள். புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும், தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு அதற்குப் பிறகு குழந்தை துவண்டு விழும். 1-800-222-1222, இது நாடு முழுவதற்கும் பொதுவான நச்சு உதவி எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு சரியில்லை என்றால் நேராக 911. "ஊருக்குத் தெரிந்தால் அவமானம்" என்று யோசித்து மருத்துவமனையில் மறைக்காதீர்கள், என்ன சாப்பிட்டது என்று தெரிந்தால்தான் தேவையில்லாத பரிசோதனை எல்லாம் செய்யாமல் பார்ப்பார்கள்.

பதினேழு வயதுக்காரரிடம் முகத்துக்கு நேராகப் பேசுங்கள். 21 வயதுக்குள் எந்த மாநிலத்திலும் பொழுதுபோக்குக்கு அனுமதி இல்லை, மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது, சின்ன வயதில் அதிகமாகப் பயன்படுத்துபவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 2017-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கையே சொல்லியிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மருத்துவ அட்டை வைத்திருக்கிறேன், வண்டி ஓட்டலாமா?

பென்சில்வேனியாவில் ரொம்ப ஜாக்கிரதை. இங்கே இரத்தத்தில் கஞ்சாவின் மிச்சம் இருந்தாலே போதும், நீங்கள் தள்ளாடவேண்டியதில்லை, போதையில் ஓட்டிய வழக்கு வரும். தொடர்ந்து எடுப்பவருக்கு அந்த மிச்சம் நாள்கணக்கில் தங்கும். அட்டை இருப்பது காப்பாற்றாது. நியாயமில்லாத சட்டம் என்றுதான் நினைக்கிறேன், மாற்ற முயற்சிகளும் நடந்தன, மாறும்வரை இதுதான்.

கேள்வி: இவ்வளவு எச்சரிக்கிறீர்களே, நீங்கள் இந்தச் சட்டத்துக்கு ஆதரவா எதிர்ப்பா?

ஆதரவு. கஞ்சா நல்லது என்பதால் அல்ல. கஞ்சா பயன்படுத்துவதில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை, ஆனால் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு நாடு முழுவதும் 3.64 மடங்கு அதிகம் என்று குடிமக்களின் உரிமைகளுக்காகப் போராடும் ஏசிஎல்யு (ACLU) அமைப்பு 2020-இல் கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரு சின்னப் பொட்டலத்துக்காக ஒரு இளைஞனுக்கு வேலையும் வாடகை வீடும் கிடைக்காமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் மசோதாவில் ஒரு விஷயம் சேரவேண்டும். கடையின் கவுன்டரிலும் பாக்கெட்டிலும் "நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால் இதை வாங்குவது உங்கள் குடியேற்ற நிலையைப் பாதிக்கலாம்" என்று பெரிய எழுத்தில், பல மொழிகளில் எழுதி வைக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கு எச்சரிக்கை போடுகிறார்கள், வண்டி ஓட்டுபவருக்குப் போடுகிறார்கள், இதையும் போடலாம். வாக்கு இல்லாவிட்டாலும் உங்கள் தொகுதி செனட்டருக்கு நீங்கள் எழுதலாம், அவர் அந்தத் தொகுதியில் வசிக்கும் எல்லோருக்கும் பிரதிநிதி. முகவரியைப் போட்டு, நான்கு வரி போதும். நான் என்னுடைய செனட்டருக்கு எழுதிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை, அடுத்த வாரம் அலுவலகத்துக்கே போன் செய்யப்போகிறேன்.